பிடித்ததை வேலையாக்கப் புறப்படுகிறவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் எங்கள் தெருவில் யாராவது ஒரு பிள்ளை வந்து நிற்கும். "அண்ணா, எனக்கு எது பிடிக்கும்னே தெரியல, என்ன படிக்கிறது?" கல்லூரி முடித்து இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவர்கள் கேட்பது வேறு கேள்வி. "பிடிச்சது எதுன்னு தெரியும். அதை வச்சு எப்படிச் சாப்பிடுறது?"

இரண்டுக்கும் ஒரே வழியில்தான் பதில் தேட முடியும் என்று நான் நம்புகிறேன். உட்கார்ந்து யோசித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிக் கையை வைப்பது, எந்த வரிசையில், எவ்வளவு செலவில் என்பதை முடிந்தவரை விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள்

எது பிடிக்கும் என்று கேட்டால் எல்லோரும் பெயர்ச்சொல் ஒன்றைச் சொல்கிறோம். சினிமா. கிரிக்கெட். பறவைகள். சமையல். வரலாறு. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு வேலை தேடினால் வழி தவறிவிடும். ஏனென்றால் சினிமா என்ற ஒரு வேலை கிடையாது. திட்டமிடுகிறவர், வெட்டி ஒட்டுகிறவர், ஒலி பதிகிறவர், தச்சர், தையல்காரர், கணக்குப் பார்க்கிறவர் என்று நூறு பேர் நூறு வேலை செய்கிறார்கள். அதில் எதைச் செய்யும்போது உங்களுக்கு நேரம் போவது தெரியவில்லை?

என் கதையே இதற்கு உதாரணம். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு வருடம் இருந்தேன். புகைப்படம் என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் படம் எடுக்கும் மாமா ஒருவருடன் விடுமுறை நாட்களில் ஒரு வருடம் சுற்றினேன். மண்டபத்தில் கூட்டத்துக்கு நடுவே கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய சந்தோஷம் தரவில்லை. ஆனால் ராத்திரி அவர் அறையில் உட்கார்ந்து, பதினெட்டு மணி நேர வீடியோவை நாற்பது நிமிடமாகச் சுருக்கும்போது சாப்பாடுகூட மறந்துபோனது. எனக்குப் பிடித்தது எடுப்பது இல்லை, கோப்பது. இப்போது பத்து வருடமாக வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். அந்த ஒரு வருடம் சுற்றாமல் வேலையை விட்டுவிட்டுக் கேமரா வாங்கியிருந்தால், தப்பான பொருளுக்கு இரண்டு லட்சம் போட்டிருப்பேன்.

அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகும் முன் இரண்டு வரி போதும். இன்று எதைச் செய்யும்போது உற்சாகமாக இருந்தேன், எதைச் செய்யும்போது வறண்டு போனேன். வினைச்சொல்லாகவே எழுத வேண்டும். "விளக்கிச் சொன்னேன்", "பிரித்துப் பார்த்துச் சரிசெய்தேன்", "பேரம் பேசினேன்", "வரிசையாக அடுக்கினேன்", "வரைந்தேன்", "தனியாகப் படித்தேன்". தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, கோயில் திருவிழாவில் அன்னதான வேலையை ஒருங்கிணைத்தது, வீட்டு மிக்சியைக் கழற்றி மாட்டியது எல்லாம் இதில் சேரும். பதினைந்தாம் நாள் படித்துப் பார்த்தால் இரண்டு மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவைதான் உங்களுடையவை.

கையோடு ஒரு பரீட்சையும் செய்துபார்க்கலாம். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த பகுப்பு ஒன்று உண்டு. மனிதர்களின் தொழில் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரித்தார்: கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுதல், தொழில் முனைவு, ஒழுங்குபடுத்துதல். உலகம் முழுக்கப் பல வழிகாட்டி மையங்கள் இன்றும் இதை அடிப்படையாக வைத்திருக்கின்றன. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் இந்தக் கேள்வித்தாள் இலவசமாகவே கிடைக்கிறது. காசு வாங்கிக்கொண்டு கைரேகை பார்த்து, மூளையின் திறனைச் சொல்கிறோம் என்று பள்ளிகளுக்கு வருகிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். கைரேகைக்கும் ஆர்வத்துக்கும் தொடர்பு இருப்பதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை.

அந்த வேலையின் சாதாரண நாளைப் பாருங்கள்

எந்த வேலையிலும் வெளியே தெரிகிற பளபளப்பு கொஞ்சம்தான். மீதி எல்லாம் தினசரி உழைப்பு. அந்த உழைப்பு உங்களால் தாங்கக்கூடியதா என்று பார்ப்பதுதான் இந்தத் தேடலின் மையம் என்று சொல்வேன்.

வரலாறு பிடிக்கும், கீழடி மாதிரி அகழாய்வில் வேலை செய்ய வேண்டும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கீழடியில் 2015இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய பணியை 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்துச் செய்கிறது. 2023இல் அங்கே அருங்காட்சியகமும் வந்துவிட்டது. சரி, அந்தக் குழியில் ஒரு நாள் எப்படி இருக்கும்? வெயில். மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுவது. கிடைத்த ஒவ்வொரு பானை ஓட்டுத் துண்டையும் கழுவிக் காயவைப்பது. எந்தக் குழி, எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று எழுதிய சீட்டோடு பையில் போடுவது. அளவெடுத்து வரைவது. ஆயிரம் ஓடு கழுவினால் ஒன்றில் நாலு எழுத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மீதி 999 ஓட்டைப் பொறுமையாகக் கழுவுகிற மனது இருந்தால் நீங்கள் அந்த வேலைக்கானவர். அந்த எழுத்தைப் படிக்கிற நொடி மட்டும்தான் பிடிக்கும் என்றால், கல்வெட்டியல் பக்கம் போகலாம், வரலாற்று ஆசிரியர் ஆகலாம், எழுதலாம். ஆசை ஒன்றுதான், வினைச்சொல் வேறு.

கல்யாணப் புகைப்படத்தில் அதிகாலை முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். படம் எடுப்பது இரண்டு நாள், அதற்குப் பிறகு தரம் பிரித்து, நிறம் திருத்தி, ஆல்பம் வடிவமைத்து, குடும்பத்தார் படம் தேர்ந்தெடுத்துத் தரும்வரை காத்திருப்பது மாதக்கணக்கு. மீதிப் பணமும் அதுவரை வராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இருக்காது. வருடத்துக்கு இரண்டு மாதம் வருமானமில்லாமல் ஓட்டத் தெரிந்தவர்தான் இதில் நிலைக்கிறார்.

பறவை ஆய்வில் காடு பாதி, கணினி பாதி. விடியற்காலையில் எண்ணியதை மாலை முழுக்க அட்டவணையில் ஏற்ற வேண்டும். ஆய்வுப் பணத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். வேலைகள் பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடத் திட்டங்களாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தச் சலிப்பான பகுதியைக் கேட்ட பிறகும் மனது "பரவாயில்லை" என்று சொன்னால், அந்த ஆர்வத்தை நம்பலாம்.

ஆளைப் போய்ப் பாருங்கள்

சாதாரண நாளைப் பற்றி இணையத்தில் தெரிந்துகொள்வது கடினம். அங்கே எல்லோரும் நல்ல நாளைத்தான் காட்டுவார்கள். அந்த வேலையில் இருக்கிற மூன்று பேரையாவது நேரில் பார்த்துவிடுங்கள். ஒருவர் இருபது வருட அனுபவம் உள்ளவர், ஒருவர் சேர்ந்து இரண்டு வருடம் ஆனவர், இன்னொருவர் அதை விட்டு வெளியே வந்தவர். மூன்றாமவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். உண்மையை அதிகம் சொல்லக்கூடியவர் அவர்தான்.

எப்படித் தேடுவது? உங்கள் பழைய ஆசிரியர், உறவுக்காரர், கல்லூரி சீனியர் யாரிடமாவது "இந்த வேலையில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா" என்று கேளுங்கள். இரண்டு கை மாறினால் ஆள் கிடைத்துவிடும். கூப்பிட்டதும் வேலை கேட்காதீர்கள். "ஐயா, இந்தத் தொழிலைத் தெரிந்துகொள்ள ஆசை. இருபது நிமிடம் பேச முடியுமா, நீங்கள் சொல்லும் நேரத்தில் வருகிறேன்" என்றால் பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். தன் தொழிலைப் பற்றி ஒரு இளைஞர் அக்கறையாகக் கேட்பது யாருக்கும் சந்தோஷம்தான்.

கேட்க வேண்டியவை: நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? முதல் மூன்று வருடத்தில் என்ன சம்பளம் எதிர்பார்க்கலாம்? இதில் உங்களுக்கு இன்றும் பிடிக்காத பகுதி எது? மறுபடி தொடங்கினால் எதைப் படிப்பீர்கள், எதைப் படிக்க மாட்டீர்கள்? கடைசியாக, நான் வேறு யாரைப் பார்த்துப் பேசலாம்? இந்தக் கடைசிக் கேள்விதான் அடுத்த கதவைத் திறக்கும்.

சின்னதாகச் செய்து பாருங்கள்

பேசியாயிற்று. இப்போது கை நனைய வேண்டும். காசு அதிகம் போகாமல், வேலையை விடாமல், மூன்று மாதத்துக்குள் முடியக்கூடிய ஒரு முயற்சியைத் தேர்ந்தெடுங்கள்.

பறவை பிடித்தவர் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும், வயது, படிப்பு எதுவும் தடை இல்லை. ஜனவரியில் தொடங்கிச் சித்திரை வரை வாரம் ஒரு ஏரியை விடாமல் எண்ணிப் பாருங்கள். வெயில் ஏறிய பிறகும் போகிறீர்களா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சமைக்கப் பிடித்தவர் கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் நான்கு முகூர்த்தத்துக்குக் கூடமாட வேலைக்குப் போகலாம். வீட்டில் ஐந்து பேருக்கு ருசியாகச் செய்வதும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஐந்நூறு பேருக்கு இட்லி ஊற்றுவதும் ஒன்றா என்று அங்கே தெரியும். சொல்லிக் கொடுக்கப் பிடித்தவர் தெருப் பிள்ளைகள் நான்கு பேருக்கு ஒரு பருவம் முழுக்க டியூஷன் எடுக்கலாம்.

படிப்பு முடித்தவர்களுக்குச் சம்பளத்தோடு பழகவும் ஒரு வழி இருக்கிறது. தொழிற்பழகுநர் பயிற்சியைத்தான் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனங்கள் பயிற்சிக்கு ஆள் எடுக்கின்றன. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இதைப் பார்த்துக்கொள்கிறது. கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளும் சேரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு வருடம் உள்ளே இருந்து பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்றால் மனக்கசப்பில்லாமல் வெளியே வரலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் வேலைவாய்ப்பு அலுவலகம் இப்போது தொழில்நெறி வழிகாட்டும் மையமாகவும் இயங்குகிறது. பதிவைப் புதுப்பிக்க மட்டும் போகிற இடம் என்று நினைக்காமல், உள்ளே போய்க் கேளுங்கள். கல்லூரியில் இருக்கிறவர்கள் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகளைக் கட்டாயத்துக்காக முடிக்காமல், தங்கள் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றைப் பார்த்து எடுங்கள்.

ஆரம்பத்தில் உங்களுக்கு வராது. முதல் மாதம் எல்லோருக்கும் மோசமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கை பழகப் பழகத்தான் பிடிப்பும் வளரும். மூன்றாவது மாதம் "இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும்" என்ற எண்ணம் வருகிறதா, "எப்போது முடியும்" என்ற எண்ணம் வருகிறதா என்று பாருங்கள்.

காட்டுவதற்கு ஏதாவது வேண்டும்

வேறு துறையிலிருந்து வருகிறவருக்குச் சான்றிதழ் இருக்காது. அப்போது செய்து வைத்ததைத்தான் காட்ட முடியும். இதற்கு நம் ஊரிலேயே ஒருவர் வழி காட்டியிருக்கிறார்.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறவில்லை. உதவித்தொகை போயிற்று, எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரிப் பரீட்சையிலும் தோற்றார். பட்டம் கிடையாது. அவர் கையில் இருந்தவை சூத்திரங்கள் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே. 1910இல் அதை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் பார்த்ததும் சென்னையில் தனக்குத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ஒருவரிடமிருந்து இன்னொருவர் என்று போய், நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணித ஆர்வலர். 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதியது அந்த எழுத்தர் வேலையில் இருந்தபடிதான். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது.

அவருடைய மேதைமை நமக்கு வராது. அவர் போன வரிசை நமக்கும் பொருந்தும். முதலில் செய்து வைத்தார். பிறகு, பார்த்தால் புரியக்கூடிய ஆளிடம் கொண்டுபோனார். நடுவில் அரிசிக்கு ஒரு வேலை தேடிக்கொண்டார். மாலையில் மனதை மிச்சம் வைக்கிற எழுத்தர் வேலை என்பதால் அது அவர் கணக்கை விழுங்கிவிடவில்லை.

உங்கள் நோட்டு எது? எடிட்டர் என்றால் மூன்று குறும்படத் துண்டுகள். சமையல் என்றால் செய்த விருந்துகளின் படமும் சாப்பிட்டவர்களின் தொலைபேசி எண்ணும். மென்பொருள் என்றால் யாராவது உண்மையிலேயே பயன்படுத்துகிற ஒரு சின்னச் செயலி. ஆசிரியர் என்றால் பத்து நிமிடப் பாடம் ஒன்றின் வீடியோ. இருபது சுமாரான வேலைகளைக் காட்டுவதைவிட மூன்று நல்ல வேலைகளைக் காட்டுங்கள்.

மறுபடி படிக்க வேண்டுமா?

சில துறைகளுக்குப் படிப்பு இல்லாமல் நுழைய முடியாது. சிலவற்றுக்குப் படிப்பு வெறும் செலவு. மருத்துவம், சட்டம், கட்டடக்கலை, கல்லூரி ஆசிரியப்பணி முதல் வகை. எடிட்டிங், சமையல், புகைப்படம், பெரும்பாலான மென்பொருள் வேலைகள் இரண்டாம் வகைக்குப் பக்கத்தில் வரும்.

படிப்பதாக இருந்தால் அரசு நிறுவனங்களை முதலில் பாருங்கள், கட்டணம் தாங்கும். ஓவியத்துக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள். சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. சிற்பத்துக்கும் கோயில் கட்டடக்கலைக்கும் மாமல்லபுரம். திரைத் தொழில்நுட்பத்துக்குத் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனம். வனவியலுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. தனியார் படிப்பு ஒன்றில் பெரும் தொகை கட்டச் சொன்னால், போன வருடம் முடித்தவர்கள் ஐந்து பேரின் எண்ணை வாங்கிப் பேசிவிட்டுக் கட்டுங்கள். எண் தர மறுத்தால் கட்ட வேண்டாம்.

வீட்டில் பேசுவது

நிறையப் பேர் இந்த இடத்தில் உடைந்துபோகிறார்கள். அப்பா கோபப்படுவதற்குப் பின்னால் பெரும்பாலும் பயம்தான் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைத்திருப்பார், தங்கை கல்யாணம் இருக்கும், அவர் வாழ்க்கையில் மாதச் சம்பளம் இல்லாத நாட்களைப் பார்த்திருப்பார். அந்தப் பயத்துக்கு "என் கனவு" என்று பதில் சொன்னால் அது இன்னும் கூடும். எண்ணைச் சொல்லுங்கள். "அப்பா, ஆறு மாசச் செலவு கையில் இருக்கு. ஒரு வருஷம் முயற்சி பண்றேன். அதுக்குள்ள மாசம் இவ்வளவு வரலன்னா பழைய வேலைக்குத் திரும்பிடுவேன்." முடிந்தால், நீங்கள் சந்தித்த அந்த இருபது வருட அனுபவக்காரரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அந்தத் தொழிலில் இருந்துகொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்ப்பது, நீங்கள் ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மாமா வந்து அம்மாவிடம் பேசிய பிறகுதான் அம்மா அன்று ராத்திரி தூங்கினார்.

வீட்டைத் தாங்குகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்றால், வேலையை வைத்துக்கொண்டு பிடித்ததை வாரக் கடைசியில் செய்வது தோல்வி இல்லை. அதைக் குறைவாக நினைக்கிறவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம். அப்படியே இருபது வருடம் நாடகம் போடுகிற வங்கி ஊழியர்களும், பறவை எண்ணுகிற ஆசிரியர்களும் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

பணமும், வேலையை விடும் நாளும்

மாதச் செலவை உண்மையாக எழுதுங்கள். வாடகை, மளிகை, கடன் தவணை, அம்மாவின் மாத்திரை, வருடத்துக்கு ஒருமுறை வரும் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து. 22,000 வந்தால், ஆறு மாதத்துக்கு 1,32,000 கையில் இருக்க வேண்டும். கேமரா, கணினி வாங்குகிற பணம் இதில் சேராது. தவணையில் வாங்கிய கடன் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். நிறுவனம் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், விலகுவதற்கு முன்பே குடும்பத்துக்குத் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரியும் பிடிப்பார்கள். சொந்தமாகத் தொடங்குகிறவர்கள், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அது முழுக்க இலவசம், பதிவு செய்து தருகிறோம் என்று காசு கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் பிடித்த வேலையிலிருந்து மூன்று மாதம் தொடர்ந்து ஏதாவது பணம் வந்திருக்க வேண்டும். தொகை சின்னதாக இருக்கலாம், தெரியாத ஆளிடமிருந்து வந்திருக்க வேண்டும். நண்பர் கொடுப்பது அன்பு. தெரியாதவர் கொடுப்பதுதான் கூலி.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டியூஷன் தொடங்குகிறவர் ஜூனுக்கு முன் தயாராக இருக்க வேண்டும். கல்யாணம் சார்ந்த தொழில் என்றால் ஆனியில் வேலையை விட்டால் அடுத்த மாதமே ஆடி வந்து கையைக் கட்டிவிடும். நான் மார்கழிக் கடைசியில் கடிதம் கொடுத்தேன், நோட்டீஸ் ஒரு மாதம். தை முகூர்த்தங்களின் வீடியோக்கள் மாமாவின் அறையில் ஹார்ட் டிஸ்க்குகளில் குவிந்திருந்தன. மாசி முதல் வாரம் போய் உட்கார்ந்தேன்.